ஜப்பான் பழைய சைக்கிள்: எல்லாம் நல்லம், அந்தப் பின் பிரேக்கைத் தவிர

மட்டக்களப்பில் இருக்கும் நண்பன் ஒருவன், ஜப்பானில் இருந்து கொள்கலனில் வந்து இறங்கிய பழைய சைக்கிள் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பி, "மச்சான், உன்ர சைக்கிளும் இதுதானே, எடுக்கட்டா?" என்று கேட்டிருக்கிறான். ஓம் என்றும் எழுத முடியவில்லை, வேண்டாம் என்றும் எழுத முடியவில்லை. அதுதான் இவ்வளவு நீளம்.

முன்னுக்குக் கூடை, பின்னுக்குக் கரியர், மூடின செயின் பெட்டி, பின் அச்சுக்குள்ளேயே மூன்று கியர். எந்த இனம் என்று இதற்குள் விளங்கியிருக்கும், மற்ற விபரங்களைக் கடைக்காரரே ஒப்புவிப்பார். நான் வேகத்துக்கு ஓடுகிற ஆள் இல்லை. விடியக் கருக்கலில் வெளிக்கிட்டு, வாகனம் குறைந்த ரோட்டாகப் பார்த்துப் போய், வெயில் ஏற முதல் ஏதாவது தேத்தண்ணிக் கடையில் குந்திவிடுவேன். அந்த ஓட்டத்துக்குத்தான் இந்தக் கதை பொருந்தும்.

கோணேசர் கோயில் ஏற்றத்தையும் நகரத்துக்குள் ஓரிரண்டு மேட்டையும் விட்டால் எங்கள் திருகோணமலைப் பக்கம் முழுக்கச் சமதரை. வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி. தெற்கே கிண்ணியா, மூதூர், வெருகல். இதற்குள் கியர் எதற்கு என்று வாங்கும்போது எல்லோரும் கேட்டார்கள். கச்சான் காற்றுக்குத்தான். ஆனி, ஆடியில் வெயில் ஏறினதும் தரைப்பக்கம் இருந்து அது கிளம்பிவிடும். கன்னியாப் பக்கம் மேற்கே திரும்பினால் நேரே முகத்தில் அறையும். அப்போது முதல் கியர், நடுக் கியரை விடக் கால்வாசி இலேசு. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ள, மூன்றாவதில் போட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டே வரலாம். இந்தக் கியரின் பெரிய குணம், நின்ற நிலையிலும் மாற்றலாம் என்பது. குச்சவெளி ரோட்டில் நடுவில் படுத்திருக்கிற மாடு நாங்கள் வருகிறோம் என்று எழும்பாது. நின்று, கியரை இறக்கி, சுற்றிக்கொண்டு போகவேண்டியதுதான்.

செயின் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நிலாவெளி உப்பளத்தைத் தாண்டிப் போகிற பாதையில் உப்புக் காற்றும் மணலும் சேர்ந்து செயினைத் தின்னும். தம்பியின் மலைச் சைக்கிள் ஒரு மாரி முடிய, செயின் செம்மண் நிறத்தில் இறுகிப்போய் நின்றது. என்னுடையதைத் திறந்து பார்த்தால் எண்ணெய் பூசினபடியே இருக்கிறது. டைனமோவும் அப்படித்தான், முன் சில்லின் அச்சுக்குள்ளேயே இருப்பதால் பழைய டைனமோ மாதிரி ரயரில் உரசி இழுக்காது. பொழுதுபட்டு இறக்கக்கண்டிப் பாலம் கடந்து வரும்போது, கறுப்பு மாடு ஒன்று ரோட்டில் கிடக்கிறது என்பதை இடிக்க முதலே காட்டித் தரும்.

இனிப் பிரேக்குக்கு வருவோம். முன் பிரேக் சாதாரணக் கட்டைப் பிரேக்தான், மழையில் றிம்மில் வழுக்கும், ஆகவே பின்னதைத்தான் நம்ப வேண்டும். அது பாண்ட் பிரேக். பின் சில்லோடு சேர்ந்து ஒரு டிரம் சுற்றும். அதைச் சுற்றி உள்பக்கம் தேய்கட்டை ஒட்டிய இரும்புப் பட்டி. கைப்பிடியை இழுத்தால் பட்டி இறுகி டிரம்மை நெரிக்கும். நன்றாகவே பிடிக்கும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தூசியும் பனி ஈரமும் உள்ளே போய், தேய்கட்டையின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கத் தொடங்கினால் அது கத்தும். கீச் என்று இல்லை. பன்றியைப் பிடிக்கிறபோது வருகிற சத்தம்.

கோட்டைக்குள் அதைக் கேட்க வேண்டும். பிரெட்ரிக் கோட்டையை 1624 இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், அதுவும் இடித்த கோணேசர் கோயிலின் கல்லை எடுத்து. வாசலில் இணைக் கயல் மீனும், கோயில் திருப்பணி செய்த குளக்கோட்ட மன்னனையும் அதைக் குலைத்த பறங்கியையும் சொல்கிற எழுத்துத் துண்டும் இன்றைக்கும் இருக்கின்றன. 1639 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782 இல் ஜனவரியில் ஆங்கிலேயர், ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் என்று ஒரே வருடத்தில் இரண்டு தரம் கைமாறி, திரும்ப ஒல்லாந்தரிடம் போய், 1795 இல் ஆங்கிலேயரிடம் நிலைத்தது. இத்தனை பீரங்கி கேட்ட இடம். ஆனாலும் கோட்டைக்குள் பிறகு எழும்பின கோயிலடியில் இருந்து இறங்கும்போது என் பிரேக்கைத் தொட்டதும், மர நிழலில் படுத்திருக்கிற புள்ளிமான்கள் எல்லாம் ஒரேயடியாகத் தலை தூக்கும். பஸ் ஹோர்னுக்கும் கோயில் ஸ்பீக்கருக்கும் அசையாத மான்கள். கும்பிட வந்த சனம் திரும்பிப் பார்க்கும். வாசலில் நிற்கிற ஆமிக்காரர் சிரிப்பார். காலமை ஆறு மணிக்கு அந்த அமைதியைத் தேடித்தான் அங்கே போகிறேன், அதைக் கெடுக்கிறதும் நான்தான்.

தெற்குப் பாதையில் அவ்வளவு வதை இல்லை, பிரேக் பிடிக்கிற வேலையே குறைவு. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்க முதல் இது துறை துறையாகப் படகேறிப் போன பாதை. 396 மீற்றர் நீளப் பாலத்தில் இப்போது நடுவில் நிறுத்தி, வலை வீசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். பிறகு மகாவலி கடலில் விழுகிற கொட்டியாரக் குடாவின் கரை. வயல், கொக்கு, இடைக்கிடை உழவு மெஷின். மூதூரில் 1660 இல் ஆங்கிலேயக் கப்பல்காரர் ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்ட இடம் என்று கல் நாட்டி வைத்திருக்கிறார்கள். கண்டி அரசனிடம் இருந்து தப்பிப்போக அந்த மனிதனுக்குப் பத்தொன்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. அதற்குக் கிட்ட உள்ள கடையில் பிளேன்ரீ குடிப்பது வழக்கம். கடைக்காரக் காக்கா கேத்திலை வைத்துவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்ப்பார். "நீங்க வாறது சந்தியில பிரேக் அடிக்கக்குள்ளயே தெரியும் தம்பி" என்பார்.

மட்டக்களப்பு வரைக்கும் இதே சைக்கிளில் போயிருக்கிறேன், 130 கிலோமீற்றருக்குக் கிட்ட, நடுவில் வாகரையில் தங்கி. வெருகல் தாண்டினால் வாகனம் குறைவு. கதிர்காமத்துக்கு நடந்து போகிற பாதயாத்திரைச் சனமும் இந்தக் கரைப்பக்கமாகத்தான் போகிறது. அந்தப் பகுதியில் யானைப் பயம் உண்டு, பொழுதுபட முதல் ஊருக்குள் ஏறிவிட வேண்டும். மட்டக்களப்புக் கோட்டை 1628 இல் போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தரிடம் விழுந்தது 1638 இல். எங்கள் கோட்டையோ அடுத்த வருடம். வாவியின் கரையிலேயே இருக்கிறதால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, என் பிரேக்குக்கு அங்கே வேலையும் இல்லை. இரண்டில் எது அழகு என்று கேட்டால் ஊர்ப்பற்றை விட்டுவிட்டு மட்டக்களப்பு என்பேன்.

இனி வைத்தியம். பட்டியைக் கழற்றி, தேய்கட்டையையும் டிரம்மையும் உப்புத்தாளால் உரஞ்சித் துடைத்துப் பூட்டினால் சத்தம் போகும். சில கிழமைதான், பிறகு ஒரு பனிக் காலையில் மெதுவாக முனகி, இரண்டாம் நாள் முழுக் குரலில். போன மாதம் சைக்கிள் கடை ஐயா புதுத் தேய்கட்டையே ஒட்டித் தந்தார். கொஞ்சம் எண்ணெய் விட்டால் என்ன என்று கேட்டேன். "விடலாம் தம்பி, சத்தம் உடன நிக்கும். சைக்கிள்தான் நிக்காது" என்றார். புதுக் கட்டையும் மாரி தொடங்கக் கத்தத் தொடங்கிவிட்டது. சரியான தீர்வு, அதே புரியில் பூட்டக்கூடிய சேர்வோ பிரேக். அது மூடின டிரம், உள்ளுக்குள் இருந்து பிடிக்கும், கத்தாது. ஜப்பானில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான், இங்கே கொழும்பு வரை விசாரித்தும் கிடைக்கவில்லை. "இந்த மொடலுக்கு சத்தம் இருக்காது" என்று சத்தியம் பண்ணி விற்றவரை இடைக்கிடை நினைத்துக்கொள்வேன், நல்லபடியாக இல்லை.

ஆகவே மச்சான், கியர் பத்துக்குப் பத்து, செயின் பெட்டிக்கும் லைட்டுக்கும் அப்படியே. சீற்றும் பரவாயில்லை. ஆனால் எடுக்காதே. போன கிழமை ஒருவர் நான் வாங்கின விலையை விடக் கூடத் தருகிறேன் என்று வந்தார், குடுக்கவில்லை, அதை வைத்து நீ ஒன்றும் முடிவு பண்ணாதே. கடைக்குப் போனால் பின் சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து பார். டிரம்மைச் சுற்றி வெளியே பட்டி தெரிந்தால் திரும்பி வா. மூடியிருந்து, மேலே சேர்வோ என்று பொறித்திருந்தால் பேரம் பேசாமல் எடு. சைக்கிள் பிடிக்காவிட்டாலும் எடு, அந்தப் பிரேக்கை மட்டும் எனக்குக் கழற்றித் தா, பாதிக் காசு நான் தருகிறேன்.