பட்டு என்று சொல்லி பாலியஸ்டர்: கட்டானா பிடிக்கு நாடா வாங்குகிறவர்கள் கவனம்

கட்டானா (ஜப்பானிய நீள வாள்), தான்தோ (ஜப்பானியக் குத்துவாள்) பிடிகளில் சுற்றும் நாடாவை (ஜப்பானில் ட்சுகா-இட்டோ என்பார்கள்) ஆன்லைனில் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். "அசல் ஜப்பான் பட்டு, 8 மில்லிமீட்டர் அகலம், 4 மீட்டர், ஒரே துண்டு" என்று போட்டிருந்ததை முழுப் பணம் கட்டி வாங்கினேன். நீளம் மட்டும்தான் சொன்னபடி வந்தது.

நாடா வாங்கியது, இயாய்டோ (உறையிலிருந்து வாளை உருவிப் பழகும் ஜப்பானியக் கலை) பயிற்சிக்கு வைத்திருக்கும் கூர் இல்லாத வாளுக்கு. பழைய பருத்தி நாடா வியர்வையில் நைந்து, விரல் படும் இடமெல்லாம் பஞ்சு பஞ்சாக எழும்பிவிட்டது. இந்த முறை பட்டு போடலாம் என்று ஆசை. பார்சலைப் பிரித்ததுமே அந்தப் பளபளப்பு பிடிக்கவில்லை. இந்த வேலைக்கென்று பின்னும் பட்டு நாடா அப்படி மின்னாது, தொட்டால் லேசாகச் சொரசொரக்கும். இது விரலில் வழுக்கியது.

சரி, சுற்றித்தான் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். ஒவ்வொரு குறுக்கிலும் நாடாவை முறுக்கி மடித்து, அடியில் முக்கோணக் காகிதத் துண்டை வைத்து, ஒருமுறை இடது இழை மேலே வந்தால் அடுத்தமுறை வலது இழை மேலே என்று மாற்றி மாற்றிப் போகவேண்டும். ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்பதற்குத்தான் இந்தப் பாடு. இதுவோ நான் இறுக்க இறுக்க மெல்ல நழுவியது. போதாததற்கு அகலமும் ஒரே சீராக இல்லை, சில இடத்தில் ஒன்பதரை மில்லிமீட்டர். பிடியின் நடுவைத் தாண்டும்போதே இரண்டு பக்கமும் நாடாவுக்கு இடையில் விழும் வைர வடிவக் கட்டங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய்விட்டன.

அப்புறம் நுனியை வெட்டிக் கொளுத்தினேன். பட்டுப்புடவையில் ஓர இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்களே, அதே சோதனைதான். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், மிச்சம் விரலில் நசுங்கித் தூளாகும். இது சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாக ஒரு கெட்டி உருண்டை நின்றது, நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை. பாலியஸ்டர்தான். ரேயான் கொடுத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு, அது உருகாது, காகிதம் எரிகிற வாடைதான் வரும். பருத்திக்கும் அதே வாடை என்பதால் ரேயானைக் கண்டுபிடிக்க மினுமினுப்பைத்தான் பார்க்கவேண்டும். நனைந்தால் ரேயான் பலம் இழந்துவிடும், வியர்க்கும் கைக்கு அதைப்போல மோசமான சரக்கு இல்லை.

இதெல்லாம் வெறும் அழகுக் கவலை இல்லை. பிடிக்குள் இருப்பது இரண்டு பாதியாகக் குடைந்து சோற்றுப் பசையில் ஒட்டிய மரக்கட்டை. அதன்மேல் திருக்கைத் தோல். அந்த மரம் பிளந்துவிடாமல் கட்டிப் பிடித்திருப்பதில் நாடாவுக்குப் பெரிய பங்கு உண்டு. வாளைச் சுழற்றும்போது சுற்று தளர்ந்து கைக்குள் நகர்ந்தால், பக்கத்தில் நிற்கிறவர் பாடு என்ன?

விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். முதல் பதில், "இது பட்டு ரகம், பட்டு என்று சொல்லவில்லை." பக்கத்தைப் போய்ப் பார்த்தால் "அசல் பட்டு" இருந்த இடத்தில் "பட்டு போன்ற" என்று மாற்றியிருக்கிறார்கள்! நல்லவேளை, ஆர்டர் உறுதி மின்னஞ்சலில் பழைய வாசகம் அப்படியே இருந்தது. அதை அனுப்பியதும் பேச்சு மாறியது: வெட்டிய சரக்குக்குப் பணம் திரும்பத் தரமாட்டோம். கொளுத்த வெட்டியது சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. இப்போது கார்டு கொடுத்த வங்கியில் புகார் போட்டிருக்கிறேன்.

கடைப் பெயரைப் பொதுவில் போடவில்லை. அடையாளம் இதுதான்: கருநீல நாடா, விலை பருத்தி நாடாவைவிடக் கொஞ்சம்தான் கூட (உண்மையான பட்டு அந்த விலைக்குக் கிடைக்கவே கிடைக்காது), எல்லாப் படமும் சுற்றி முடித்த பிடியின் படம், நாடாவை மட்டும் கிட்டத்தில் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வெட்டுவதற்கு முன் நாலைந்து இடத்தில் அகலத்தை அளந்து, நுனியில் பிரிந்து நிற்கும் இழை ஒன்றை மட்டும் உருவிக் கொளுத்தி, இரண்டையும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போதைக்கு மறுபடி பருத்திதான் சுற்றியிருக்கிறேன்.