உப்பிட்ட சொக்லேட் ஓட்ஸ் குக்கீ: மலையகச் சமையலறைக்கு எது பொருந்தும்?

சமையல் குறிப்புகளில் 'அறை வெப்பநிலையில் உள்ள பட்டர்' என்று ஒரு வரி தவறாமல் வரும். கொழும்பில் அந்தப் பட்டர் சிறிது நேரத்திலேயே இளகிவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில், சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும் நுவரெலியாவில், காலையில் மேசைமேல் வைத்த பட்டரில் மாலையிலும் விரல் பதியாது. ஆகவே உப்பிட்ட சொக்லேட் ஓட்ஸ் குக்கீக்கு எதை வாங்குவது என்பதை நம் குளிரையும் மூடுபனியையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். குக்கீயின் தரத்தைத் தீர்மானிப்பவை கொழுப்பும் உப்பும் என்பதே என் கணிப்பு. மற்றவற்றில் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம்.

பட்டரா, மாஜரீனா? மாஜரீனுக்கு இரண்டு பலங்கள் உண்டு. விலை குறைவு, குளிரிலும் கரண்டிக்கு வழிவிடும். அவசரத்துக்கு இது பெரிய உதவிதான். ஆனால் டப்பாவின் லேபிளைப் படித்துப் பாருங்கள். ரொட்டியில் பூசுவதற்கென்று விற்கப்படுபவற்றில் கொழுப்பு குறைவு, நீர் அதிகம். அந்த நீர் மாவை உப்பவைத்து, குக்கீயைக் கேக் போல மெத்தென்று ஆக்கிவிடும், ஓரம் மொறுமொறுக்காது. பட்டரில் ஏறத்தாழ 80 வீதம் கொழுப்பு, 16 வீதம் நீர், மிச்சம் பாலின் திடப்பொருள். அந்தச் சிறு மிச்சத்தில்தான் மணம் இருக்கிறது.

மின்கருவியால் பட்டரையும் சீனியையும் நுரைக்க அடிப்பதை இந்தக் குளிரில் விட்டுவிடலாம். பட்டரைச் சிறு சட்டியில் உருக்குங்கள். முதலில் படபடவென்று வெடிக்கும். அது நீர் வெளியேறும் சத்தம். சத்தம் அடங்கி, மேலே மெல்லிய நுரை எழும்பி, அடியில் செம்பழுப்புத் துகள்கள் படிந்து, நெய் காய்ச்சும் வாசனை வந்ததும் இறக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு அரை நிமிடம் போனாலும் கசந்துவிடும். துகள்களை வடித்து எறியக்கூடாது. அவற்றையும் மாவில் சேர்க்க வேண்டும். போன நீருக்கு ஈடாக ஒரு மேசைக்கரண்டி பால் போதும். உருக்கிய பட்டர் குக்கீயை அடர்த்தியாக, மெல்லுவதற்கு இதமாகத் தரும். ஓட்ஸுக்கு அதுவே அழகு. வெப்பமான ஊர்களில் இந்த மாவை இறுகவைக்கக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். நமக்குச் சமையலறை மேசையே போதும். அரை மணி நேரத்தில் உருண்டை பிடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். பட்டர் விலை கட்டுப்படியாகாவிட்டால் பாதி பட்டரை இப்படிக் காய்ச்சி, பாதி மாஜரீன் கலந்துகொள்ளுங்கள். முழு மாஜரீனைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது உப்பு. தூளுப்பு மாவுக்குள் கரைந்து சுவையைச் சீராக்கும். ஆனால் 'உப்பிட்ட' என்ற பெயருக்குத் தூளுப்பு மட்டும் போதாது. பல்லில் தனியாகப் படும் உப்பு வேண்டும். கசப்பை அடக்குவதில் உப்புக்கு நிகரில்லை. கறுப்புச் சொக்லேட்டின் மேல் அது விழும்போது இனிப்பு தானாகவே மேலெழுகிறது. வெளிநாட்டுச் செதில் உப்பு தலைநகரின் பெரிய கடைகளில் கிடைக்கும், கொள்ளை விலைக்கு. புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் ஆனையிறவிலும் உப்பு விளைகிற நாட்டில் அதைத் தேடிப் போகத் தேவையில்லை. ஆனால் கல்லுப்பை அப்படியே தூவினால் பல் கூசும். உரலில் இரண்டு தட்டுத் தட்டி, தேநீர் வடியில் இட்டுச் சலியுங்கள். கீழே விழும் தூள் கறிக்குப் போகட்டும். வடியில் நிற்பவற்றில் பெரிய கட்டிகளைப் பொறுக்கிவிட்டால், சீனிப் பருமனில் எஞ்சும் மணிகள்தான் நமக்கு வேண்டியவை.

தூவும் நேரத்திலும் கவனம் வேண்டும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் மழைக்காலத்தில் அது அன்றாட நிலை. தட்டு வெளியே வந்ததும், சொக்லேட் இன்னும் பளபளக்கும்போதே தூவினால் மணிகள் அதில் ஒட்டி நிற்கும். ஆறியதும் இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் டின்னில் அடைத்துவிட வேண்டும். திறந்த தட்டில் ஓர் இரவு கிடந்தால் மேலே உப்பும் இராது, ஓரத்தில் மொறுமொறுப்பும் இராது. பட்டர் உப்பிட்டதா என்றும் பாருங்கள். உப்பிட்ட பட்டர் 100 கிராமில் ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 கிராம் உப்பு இருக்கும். அப்படியானால் மாவில் தனியாக உப்புச் சேர்க்க வேண்டாம்.

சொக்லேட்டில் என் வாக்கு கறுப்புச் சொக்லேட் கட்டிக்கே. சமையலுக்கென்று விற்கப்படும் மலிவான கட்டிகளில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும். குளிர்ந்த ஊரில் அதன் மெழுகுத் தன்மை நாக்கில் இன்னும் நன்றாகத் தெரிகிறது. சிப்ஸ் உருவம் குலையாது என்பதால் பார்க்க அழகு, அவ்வளவுதான். கட்டியைக் கத்தியால் நறுக்கினால் பெரிய துண்டுகள் குளமாக உருகும், தூளும் செதிலும் மாவெங்கும் பரவும். மாத்தளைப் பக்கம் கொக்கோ விளைகிறது. உள்நாட்டுக் கட்டியாகவே கிடைத்தால் இன்னும் மகிழ்ச்சி.

சீனி வருத்தக்காரருக்குக் கஞ்சி காய்ச்ச வாங்கிய உடனடி ஓட்ஸ் வீட்டில் இருந்தால் அதிலும் செய்யலாம். குக்கீ மிருதுவாக வரும், ஓட்ஸின் கடி மட்டும் இருக்காது. தட்டையான முழு ஓட்ஸ் எனக்குப் பிடித்தது. வெள்ளைச் சீனியைவிடச் சிவப்புச் சீனி ஈரத்தைக் காக்கும். கித்துள் கருப்பட்டி சொக்லேட்டோடு அருமையாக இணங்கும்; ஆனால் சீக்கிரம் கருகும் என்பதால் சீனியின் பாதி அளவுக்கு மேல் போகவேண்டாம்.

115 கிராம் பட்டருக்கு 120 கிராம் சிவப்புச் சீனி, ஒரு முட்டை, 120 கிராம் கோதுமை மா, 130 கிராம் ஓட்ஸ், 120 கிராம் சொக்லேட், கால் தேக்கரண்டி அப்பச் சோடா. கூடுதல் சீனியும் சோடாவும் இந்த உயரத்தில் குக்கீயைத் தட்டில் பரத்திவிடும் என்பதால் இரண்டையும் குறைத்தே சொல்லியிருக்கிறேன். உயரம் குறைந்த பதுளையில் உள்ளவர்கள் 20 கிராம் சீனி கூட்டிக்கொள்ளலாம். மின்சாரப் போறணையில் 185 பாகையில், நடுத்தட்டில், 10 முதல் 12 நிமிடம். நடுப்பகுதி வேகாதது போலத் தெரியும்போதே எடுக்க வேண்டும். சூடான தட்டில் மிச்சம் வெந்துவிடும். எரிவாயுப் போறணையில் அடிச்சூடு அதிகம். தட்டுக்குக் கீழே இன்னொரு தட்டு வைத்தால் கருகாது.

விறகடுப்பு மட்டும் உள்ள லயத்து வீட்டில் தனித்தனிக் குக்கீயாகச் சுட முயலவேண்டாம். கனமான சட்டியில் மணல் பரப்பிச் சூடாக்கி, எண்ணெய் பூசிய தட்டில் மாவை ஒரே பாளமாகத் தட்டி உள்ளே வைத்து, மூடிமேல் தணல் போடுங்கள். ஓரம் சிவந்ததும் இறக்கி, சூட்டோடு உப்புத் தூவி, சிறிது ஆறியதும் சதுரங்களாக வெட்டலாம். நடுத்துண்டுகள் மெல்ல இதமாகவும் ஓரத்துண்டுகள் மொறுமொறுவென்றும் இருக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஓரத்துண்டுகள்தான் முதலில் தீரும்.