காலையில் பத்து நிமிஷம் கதைக்க வட்ஸ்அப் வொய்ஸ் சாட்

டேட்டா குறைவாக வைத்திருக்கிறவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை செய்கிற குழுவோடு காலையில் பத்து நிமிஷம் கதைக்க, வட்ஸ்அப் குழுவுக்குள்ளேயே இருக்கிற வொய்ஸ் சாட் தாராளமாகப் போதும். சூம் பயிற்சி வகுப்புக்கு நல்லது. கூகுள் மீட், கொழும்புத் தலைமை ஒஃபிஸோடு கணக்கு வழக்குப் பார்க்கிற நாளுக்கு. வொய்ஸ் சாட்டுக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்று கீழே வருகிறது.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருந்துகொண்டு ஒரு சிறுவர் போசாக்குத் திட்டத்தைப் பார்க்கிறேன். கள உத்தியோகத்தர்கள் எட்டுப் பேர். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட், லிந்துலை, அக்கரப்பத்தனை என்று ஆளுக்கொரு திசை. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில்தான் இருக்கும். மஸ்கெலியாவிலிருந்து அக்கரப்பத்தனைக்கு பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது மாசக் கூட்டத்தன்று மட்டும்தான் நடக்கும். மற்ற நாளில் யார் எந்தத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு (அம்மாமார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம்) போகிறார், நிறை பார்க்கிற தராசு யார் கையில் இருக்கிறது, எங்கே இன்றைக்குச் சம்பளநாள் என்பதெல்லாம் காலையிலேயே தெரிந்தாக வேண்டும். சம்பளநாளில் எந்த அம்மாவும் நம்மிடம் நின்று பேச மாட்டார், அங்கே போவதே வீண். பெரட்டில், அதாவது தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், ஆள் கூடி, இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து என்று கேட்டுக்கொண்டு கலைகிற மாதிரி நாங்களும் கூடிக் கலைய வேண்டும். அவ்வளவுதான் தேவை.

தலைமை ஒஃபிஸ் இதற்கு சூம் லிங்க்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. சூமைக் குறை சொல்ல வரவில்லை. இலவசக் கணக்கில் 100 பேர் வரை சேரலாம், 40 நிமிஷத்தில் வெட்டிவிடும். அந்த 40 நிமிஷ வெட்டை நான் வரமாகவே நினைக்கிறேன், சில சேர்மாருக்கு அதுதான் ஒரே கடிவாளம். தொல்லை எதில் என்றால் படிகளில். லிங்கை அழுத்தி, ஆப் திறந்து, வெயிட்டிங் ரூமில் நின்று, நான் உள்ளே விட்ட பிறகு, ஓடியோவை இணைக்கவா என்று அது கேட்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடைசிப் படியைத் தவறவிட்டவர் திரையில் தெரிவார், வாயசைப்பார், ஒன்றும் கேட்காது. "மிஸ் கேக்குதா, மிஸ் கேக்குதா" என்று அவர் அங்கே கத்திக்கொண்டிருப்பது நமக்குத் தெரியவே தெரியாது. பத்து நிமிஷப் பேச்சுக்கு ஆறு நிமிஷ வாசல்.

கூகுள் மீட்டில் வாசல் சின்னது. மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவசத்தில் 60 நிமிஷம் தருகிறது, ஆட்களும் 100 வரை. ஆனால் போனில் ஜீமெயில் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். களத்தில் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகள் பாதிப்பேரின் போனில் இருக்கிற ஜீமெயில், போன் வாங்கின கடைக்காரத் தம்பி போட்டுக்கொடுத்தது. பாஸ்வேர்ட் அவனுக்கும் ஞாபகம் இல்லை, நமக்கும் தெரியாது.

பண்டாரவளையில் வீட்டிலிருந்தே கம்பியூட்டர் வேலை செய்கிற எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன், "ஸ்லெக்ல ஹடில்னு ஒண்ணு இருக்கு அக்கா, சும்மா உள்ள போய்ப் பேசிட்டு வெளிய வந்துறலாம்" என்றான். ஸ்லெக் என்பது ஒஃபிஸ் ஆட்கள் மெசேஜ் அனுப்பிக்கொள்கிற ஆப், ஹடில் அதற்குள்ளேயே குரலில் பேசுகிற வசதி. உண்மையிலேயே அழகான யோசனை. 2021இல் வந்தது, அழைப்பு, நேரம் குறிப்பது, ஒன்றும் கிடையாது. ஆனால் காசு கட்டாத கணக்கில் இரண்டு பேர்தான் பேச முடியும். இரண்டு பேர் பேசுவதற்கு போனே இருக்கிறதே.

இனி வொய்ஸ் சாட். வட்ஸ்அப் குரூப் கோல் என்று நாம் எடுப்பது வேறு, இது வேறு. குரூப் கோல் எடுத்தால் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறும். ஒருத்தி நெரிசலான பஸ்ஸில் ஒற்றைக் காலில் நிற்பாள், ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். வொய்ஸ் சாட்டில் மணி அடிக்காது. குழுவைத் திறந்து, அடியிலிருந்து மேலே இழுத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் தொடங்கிவிடும். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று குழுவிலேயே தெரியும். நேரம் கிடைத்தவர் நுழையலாம், பேசலாம், போகலாம். பேசிக்கொண்டே குழுவில் எழுதலாம், படமும் போடலாம். 2023இல் வந்தபோது 33 பேருக்குக் குறைந்த குழுக்களுக்கு இதைக் கொடுக்கவில்லை. 2025 மே மாதம்தான் எல்லாக் குழுக்களுக்கும் திறந்துவிட்டார்கள்.

எனக்கு இதில் பெரிய ஆறுதல், கெமரா என்ற பேச்சே எழுவதில்லை. சூமில் கொழும்பிலிருந்து வருகிற முதல் வார்த்தை "எல்லாரும் கெமரா போடுங்க" என்பதாகத்தான் இருக்கும். அவர்களுக்குப் பின்னால் புத்தக அலுமாரி இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், இருந்து பேசுகிறார்கள். பின்னால் கட்டில், கட்டிலில் தாத்தா, கொடியில் ஈரத்துணி, குறுக்கே போகிற தம்பி. ஒரு தங்கச்சி போன வருஷம் முழுக்க "கெமரா பழுது மிஸ்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். போட்டோ அனுப்பும்போது மட்டும் அந்தக் கெமரா நன்றாக வேலை செய்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது காலையில் அதிகம் பேசுகிறவள் அவள்தான். எந்தப் பிள்ளையின் நிறை இறங்கியிருக்கிறது, எந்த அம்மா கிளினிக் கார்டைத் தொலைத்துவிட்டார் என்று எழுதிக்கொடுத்த ரிப்போர்ட்டில் வராததெல்லாம் அவள் வாயில் வருகிறது. முகம் தெரிந்தால்தான் குழு ஒட்டும் என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். ஒட்டாமல் போவதற்கும் அதுவே காரணமாகலாம்.

குரல் மட்டும் என்பதால் டேட்டாவும் வீடியோவோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. ரீலோட் போடுகிற காசு எங்கள் ஆட்களின் கைக்காசு என்பதை மறக்க வேண்டாம். சோஷல் மீடியா பெக்கேஜ் வைத்திருப்பவர்கள், அதற்குள் வட்ஸ்அப் கோலும் அடங்குமா, மெசேஜ் மட்டும்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிக்னல் மெலிந்த இடத்திலும் குரல் ஓரளவு தாங்குகிறது. 2024இல் வட்ஸ்அப்பின் சொந்தக்காரரான மெட்டா, எம்லோ என்ற புதிய கோடெக்கை (குரலைச் சுருக்கி அனுப்புகிற முறை) வட்ஸ்அப் கோலுக்குக் கொண்டுவந்தது, மெதுவான இணைப்பையும் பழைய போனையும் மனதில் வைத்துச் செய்தது அது. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தைச் சுற்றி வருகிற வளைவுகளில் யாருடைய கோடெக்கும் உதவாது, அது வேறு கதை.

ஒரு புள்ளியை எதற்குக் குறைத்தேன்? மணி அடிக்காதது வசதி, குறையும் அதுவேதான். குழுவை மியூட்டில் போட்டு வைத்திருக்கிறவருக்கு சாட் தொடங்கியதே தெரியாது. நேரத்தை நிரந்தரமாக வைத்துக்கொண்டால்தான் சரிவரும், எங்களுக்கு எட்டேகால். பதிவு செய்ய வழி இல்லை, பிந்தி வருகிறவருக்கு முன்னால் பேசியது போனது போனதுதான். அதனால் முடிந்ததும் ஒருவர் மூன்று வரி எழுதிப் போடுவது எங்கள் வழக்கம், வாரத்துக்கு ஒருவர். இன்னொன்றையும் குழு ஆரம்பிக்கும் முன்னே யோசியுங்கள்: குழுவில் இருக்கிற எல்லாருக்கும் எல்லாருடைய நம்பரும் தெரியும். எட்டுப் பேர் வேலைத் தோழிகளுக்குள் பரவாயில்லை. தோட்ட நிர்வாகத்து ஆட்கள், வெளி ஆட்கள் என்று சேர்க்கத் தொடங்கினால் இளம் பிள்ளைகளுக்கு ராத்திரியில் தேவையில்லாத "ஹாய்" வரும். வெளி ஆளோடு கூட்டம் என்றால் மீட் லிங்க் அனுப்புங்கள், யாரும் நம்பர் கொடுக்க வேண்டியதில்லை.

வேலையும் வீடும் ஒரே பச்சை ஆப்புக்குள் இருப்பதும் சிக்கல்தான். சாயந்தரம் ஆறு மணிக்குப் பிறகு சாட் திறப்பதில்லை என்று நாங்கள் பேசி முடிவெடுத்தோம். ஒரு சேர் மட்டும் இன்னும் ராத்திரியில் "ஒரு ஸ்கைப் போடுவோமா" என்பார். ஸ்கைப்பை 2025 மே மாதம் மூடிவிட்டார்கள் என்று அவருக்கு நான் சொல்லவில்லை, சௌகரியமாக இருக்கிறது.

பயிற்சிக்கு இதை நம்பாதீர்கள். ஸ்லைட் காட்ட வேண்டும், முப்பது நாற்பது ஆசிரியைகள் வர வேண்டும், பாதிப்பேர் பேசாமல் கேட்க வேண்டும் என்றால் சூம்தான். வட்ஸ்அப் வீடியோ கோலிலும் 2023இலிருந்து ஸ்கிரீன் காட்டலாம், ஆனால் ஒரு கோலில் 32 பேருக்கு மேல் இடமில்லை.

கரண்ட் நீண்ட நேரம் போனால் ரவுட்டர் மட்டுமில்லை, டவர் பெட்டரியும் இறங்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த மாதிரி நாளில் எந்த ஆப்பையும் நம்ப முடியாது. டேட்டா போய் சாதாரண சிக்னல் மிஞ்சியிருந்தால் போனில் இருக்கிற கொன்ஃபரன்ஸ் கோலைப் பயன்படுத்துங்கள். பொதுவாக ஐந்து பேர் வரை இணைக்கலாம். அதனால் எட்டுப் பேரையும் இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறோம், மஸ்கெலியாப் பக்கம், லிந்துலைப் பக்கம்.

கடைசியாக மழை. மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி எங்கள் பக்கம் கொட்டும்; பதுளைக்காரர்களுக்கு ஒக்டோபரில் ஆரம்பிக்கும். தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தை எந்த ஆப்பும் முழுதாக வடிகட்டாது. வயர் உள்ள சாதாரண இயர்போன் ஒன்று வாங்கிக்கொடுங்கள், மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும். புளூடூத் வேண்டாம், அது காதிலிருந்து விழுந்து கானுக்குள் போய்விடும். பேசாதபோது மியூட் போடவும் சொல்லுங்கள்.