புஷ் பட்டனை விட்ட பிறகும் சுற்று ஓட: காண்டாக்டரா, இம்பல்ஸ் ரிலேயா, ஐசியா, மாஸ்ஃபெட்டா?

புஷ் பட்டனிலிருந்து விரலை எடுத்ததும் தொடர்பு அறுந்துவிடும். அதைக் கொண்டு மோட்டாரையோ விளக்கையோ தொடர்ந்து ஓட வைக்க, அழுத்தியதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேறொரு பாகம் வேண்டும். விலையை ஒப்பிடும் முன் ஒரு கேள்வி: கரண்ட் போய்த் திரும்பி வரும்போது சுற்று தானாக ஓட வேண்டுமா, நின்றே இருக்க வேண்டுமா? பாதித் தேர்வு அதிலேயே முடிந்துவிடும்.

சுழலும், வெட்டும் இயந்திரம் என்றால் காண்டாக்டர் ஹோல்டிங்தான். காயிலில் கரண்ட் வந்ததும் காந்தத்தால் இழுத்து மோட்டாரை இணைக்கும் சுவிட்ச்தான் காண்டாக்டர்; அது தன் காயிலைத் தானே பிடித்து வைத்துக்கொள்வதுதான் ஹோல்டிங். இதில் பேரத்துக்கே இடமில்லை. ஃபேஸிலிருந்து ஓவர்லோடு ரிலேயின் (மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் சுற்றை அறுப்பது) 95-96 முனைகள், அடுத்து சிவப்பு ஸ்டாப் பட்டனின் என்.சி. (அழுத்தாதபோது மூடியிருக்கும் தொடர்பு), அடுத்து பச்சை ஸ்டார்ட் பட்டனின் என்.ஓ. (அழுத்தாதபோது திறந்திருக்கும் தொடர்பு), அங்கிருந்து காயிலின் ஏ1. ஏ2 நியூட்ரலுக்கு. காண்டாக்டர் இழுத்ததும் மூடும் அதன் 13-14 தொடர்பை ஸ்டார்ட் பட்டனுக்கு மட்டும் பேரலலாகக் கொடுக்க வேண்டும். கரண்ட் போனால் காயில் விடும், 13-14 திறக்கும். திரும்பி வந்தாலும் யாராவது அழுத்தும்வரை ஓடாது. ரம்பத்துக்குப் பக்கத்தில் கையை வைத்திருப்பவருக்கு இதுதான் உயிர். கிணற்றடி ஸ்டார்ட்டரும் இதே சுற்றுதான். பச்சை பட்டனை அமுக்கியபடி கட்டி வைத்தால் அந்தப் பாதுகாப்பு அப்படியே போய்விடும்.

தவறுகள் பெரும்பாலும் வயரிங்கில்தான். 13க்கு வரும் வயரை ஸ்டாப் பட்டனுக்கு முன்னாலிருந்து எடுத்தால் ஸ்டாப்பை அமுக்கியும் மோட்டார் நிற்காது. 13-14க்குப் பதில் 21-22இல் மாட்டினால் யாரும் தொடாமலேயே காண்டாக்டர் கடகடவென அடிக்கும், அது என்.சி., இழுத்ததும் தன் சப்ளையைத் தானே அறுத்துக்கொள்கிறது. 230 வோல்ட் காயிலை இரண்டு ஃபேஸுக்கு நடுவில் கொடுத்தால் எரியும். 415 வோல்ட் காயிலை ஃபேஸ்-நியூட்ரலில் கொடுத்தால் சரியாக இழுக்காது. ஸ்டாப் பட்டன் என்.சி.யாகவே இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு: அதன் வயர் அறுந்தால் இயந்திரம் நின்றுவிடும். என்.ஓ. வைத்து நிறுத்தும் சுற்றில் வயர் அறுந்தால், நிறுத்த வேண்டிய நேரத்தில்தான் அது தெரியவரும்.

மாடிப்படி விளக்குக்கு இம்பல்ஸ் ரிலே. ஒரு அழுத்தில் ஆன், அடுத்த அழுத்தில் ஆஃப். ஒவ்வொரு தளத்திலும் ஒரு பட்டனைப் பேரலலாக வைத்துக்கொண்டே போகலாம். டூ-வே சுவிட்ச் வயரிங்கின் சிக்கல் கிடையாது. காண்டாக்டர் காயில் ஓடும் நேரமெல்லாம் கரண்ட் எடுக்கும். இம்பல்ஸ் ரிலேக்கு அழுத்தும் நொடி மட்டும் போதும். ஆனால் கரண்ட் போனாலும் நிலை மாறாது. ஆனில் இருந்தது திரும்பவும் ஆனிலேயே வரும். விளக்குக்குச் சரி, இயந்திரத்துக்கு ஆபத்து. பட்டன்களில் நியான் இண்டிகேட்டர் இருந்தால் அவற்றின் கசிவு மின்னோட்டம் கூடி, ரிலே விடாமல் மாட்டிக்கொள்ளும். எத்தனை நியான் தாங்கும் என்று ரிலேயின் விவரத்தாளில் பார்த்து வாங்குங்கள். எல்.இ.டி. விளக்குகள் ஆன் ஆகும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் மிக அதிகம். காண்டாக்ட் ஒட்டிக்கொள்வது அதனால்தான்.

12 வோல்ட் வேலைகளுக்கு சிடி4017, ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு படி நகரும் கவுண்டர் ஐசி. பலர் ஒவ்வொரு துடிப்புக்கும் ஆன்-ஆஃப் மாறும்படி சிடி4013 ஃபிளிப்-ஃபிளாப்பை எடுத்து, பட்டன் துள்ளலை (ஒரே அழுத்தில் தொடர்பு பலமுறை ஒட்டி விலகுவதை) அடக்க கிளாக்கில் (துடிப்பை வாங்கும் உள்ளீட்டில்) கெபாசிட்டர் போடுவார்கள். மெதுவாக ஏறும் சிக்னலை அந்த கிளாக் ஏற்காது; சில நேரம் மாறும், சில நேரம் மாறாது. 4017இன் கிளாக் உள்ளீட்டில், மெதுவாக ஏறும் சிக்னலையும் சட்டென மாற்றித் தரும் ஷ்மிட் டிரிகர் உள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஐசியின் கால்களில் (பின்) 16 பிளஸ், 8 மற்றும் 13 கிரவுண்ட். பிளஸிலிருந்து பட்டன், 1 கிலோ ஓம் வழியாகப் பின் 14க்கு; அதே பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும். பின் 2, 10 கிலோ ஓம் வழியாக பிசி547இன் பேஸுக்கு. கலெக்டரில் 400 ஓம் காயிலுள்ள 12 வோல்ட் ரிலே, காயில் மேல் தலைகீழாக 1என்4007. பின் 4, 1என்4148 டையோடு வழியாகப் பின் 15க்கு, அதுதான் ரீசெட். அங்கே கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம், பிளஸுக்கு 0.1 மைக்ரோஃபாரட். இந்தக் கடைசி கெபாசிட்டரை விட்டால் சப்ளை வந்ததும் ரிலே எந்த நிலையில் நிற்கும் என்று சொல்ல முடியாது. ரிலே விடும்போதெல்லாம் ஐசி தானாக மாறினால் 16க்கும் 8க்கும் அருகிலேயே இன்னொரு 0.1 வையுங்கள்.

பேட்டரிக் கருவிக்கு மட்டும் பி-சேனல் மாஸ்ஃபெட், கேட் என்ற காலில் வரும் வோல்டேஜால் ஆன்-ஆஃப் ஆகும் டிரான்சிஸ்டர். ரிலே காயில் பேட்டரியைக் குடித்துவிடும். இதில் ஆஃபில் கசிவைத் தவிர எதுவும் ஓடாது. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 100 கிலோ ஓம். பட்டன், ஒரு டையோடு வழியாகக் கேட்டைக் கிரவுண்டுக்கு இழுத்து மாஸ்ஃபெட்டை ஆன் செய்யும். மைக்ரோகண்ட்ரோலர் விழித்ததும் ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டரால் அதைப் பிடித்துக்கொள்ளும். 3.7 வோல்ட் லித்தியம் செல்லில் ஐஆர்எஃப்9540 மாஸ்ஃபெட் முழுதாக ஆன் ஆகாது, சூடாகும். ஏஓ3401 போடுங்கள், அதன் கேட் தாங்குவது 12 வோல்ட்தான், கார் பேட்டரியில் மாட்டிவிடாதீர்கள்.