போர் போடுமுன் இரண்டு அளவு: சேலத்து மின்தடை ஆய்வுச் சேவை பற்றி

சேலம் வட்டாரத்தில் போர்வெல்லுக்கு இடம் பார்க்கும் மின்தடை ஆய்வை மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் ஒருமுறை எடுப்பது காசுக்கு ஏற்ற வேலை. மண்ணில் வரிசையாகக் கம்பிகளை நட்டு, சிலவற்றில் மின்சாரம் செலுத்தி, வேறு சிலவற்றில் மின்னழுத்தம் அளந்து, நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பதே இந்த ஆய்வு. ஈரக் களிமண்ணும் நீர் நிறைந்த சிதைபாறையும் (உதிர்ந்து தளர்ந்த பாறை) குறைந்த மின்தடையையே காட்டும். ஒருமுறை மட்டும் அளந்தால் பிரிக்க முடியாது. இரண்டு முறை அளந்தால், களி அதிகம் மாறாது. மழைநீர் இறங்கிய அடுக்கு மாறியிருக்கும்.

ஆனால் இரண்டு முறையும் கம்பி அதே இடத்தில் நிற்க வேண்டும். நார்வேயின் வால்ஹால் எண்ணெய் வயலில் 2003-ல் கடலடியிலேயே நில அதிர்வு உணரிகளை நிரந்தரமாகப் பதித்தது இதற்காகத்தான். எண்ணெய் எடுக்க எடுக்க அங்குள்ள சாக் எனும் மென்மையான சுண்ணாம்புப் பாறை அமுங்குகிறது. அதன் மேலடுக்குகள் தளர்ந்து, அதிர்வலை திரும்பும் நேரம் சில மில்லி விநாடி கூடுகிறது. உணரி நகர்ந்தால் இந்த நுண்ணிய மாற்றம் பிழையில் மூழ்கிவிடும்.

இங்கே பலரும் கம்பியைப் பிடுங்கிப் போய்விட்டு, மறுமுறை செல்போன் ஜிபிஎஸ்ஸில் இடம் தேடுகிறார்கள். அது சில மீட்டர் தவறும். 5 மீட்டருக்கு ஒன்றாக நடும் கம்பிக்கு அது பெரிய பிழை. கம்பி நடும் கோட்டின் இரு முனையிலும் சிமெண்ட் கல் பதிக்கச் சொல்லுங்கள்.

48 கம்பி, 5 மீட்டர் இடைவெளி என்றால் கோடு 235 மீட்டர். நம்பத்தக்க ஆழம் ஏறத்தாழ 40 மீட்டர், அதாவது 130 அடி. இதை வைத்து 600 அடியில் ஊற்று என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

மே மாதக் காய்ந்த மண்ணில் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றாவிட்டால் அளவு தாறுமாறாக வரும். மின்னோட்டக் கம்பியையும் மின்னழுத்தக் கம்பியையும் மாற்றி அளந்து, 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அந்தப் புள்ளியை ஒதுக்க வேண்டும். மண் 1 டிகிரி சூடேறினால் மின்தடை சுமார் 2 சதவீதம் குறையும். மேல் அடுக்குக்கு இந்தத் திருத்தம் கட்டாயம்.

ஏற்காட்டில் கோட்டைச் சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் போடச் சொல்லுங்கள். காபித் தோட்டத்து இரும்பு முள்வேலிக்கு இணையாகப் போனால் இல்லாத தண்ணீர் தெரியும். ஆங்கிலேயர் சாக் ஹில்ஸ் என்றழைத்த வெள்ளைக்கல் பகுதியில் சாக் கிடையாது, மேக்னசைட் எனும் வெள்ளைக் கனிமம்தான். அங்கே அடிப்பாறையே வேறு. நகரத்து நைஸ் எனும் பட்டைப் பட்டையான கடினப் பாறையின் கணக்கு ஒத்துவராது.

அறிக்கை வாங்கும்போது மின்தடையை நிறத்தில் காட்டும் மே, ஜனவரிப் படங்கள் இரண்டுக்கும் ஒரே நிற அளவுகோலா என்று பாருங்கள். மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் தானே நிறம் பிரித்தால், மாறாத அடுக்கும் மாறியதுபோல் தெரியும். மூல அளவுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.