கோவையில் கிறிஸ்தவத் தொழில் நடத்துபவர்களின் மாதக் கூட்டம்: ஆறு மாதம் போய் வந்த ஒரு திருப்பூர்க்காரனின் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழுவின் பெயரை இங்கே போடவில்லை. உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது என்று முதல் நாளே ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். பெயர் தெரிந்தால் இந்த ஊர்ப் பக்கம் யார் யார் அங்கே போகிறார்கள் என்று கண்டுபிடிக்க அரை நாள் போதும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் போன வருடம் நான் இருந்த நிலைமையில் இன்றைக்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்பா நாசரேத்துப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர். இப்போது நான் 32 பவர் டேபிள் போட்டு எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் வரை எங்களிடம்தான். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியதும், எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த பெரிய பார்ட்டி ஓடிக்கொண்டிருந்த ஆர்டரை நிறுத்தினார்கள், ஏற்கெனவே முடித்துக் கொடுத்த வேலைக்கான பில்லும் எழுபது நாளைத் தாண்டியது. மெஷின் வாங்கிய லோனில் தவணை நின்றுபோனது. தீபாவளி போனஸ் வேறு முன்னால் நிற்கிறது.

இதில் கிறிஸ்தவன் என்பதால் வரும் பாரம் தனி. சபையில் நான் கமிட்டி மெம்பர், கட்டட நிதிக்கு ஒரு லட்சம் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பீரோ கதவில் புது வருட ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டை ஒட்டியிருக்கிறது, நீ கடன் கொடுப்பாய், கடன் வாங்கமாட்டாய் என்கிற அந்த உபாகம வசனம், பைபிளில் வருவது. வங்கி தொழிலுக்குக் கொடுத்திருந்த சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன் லிமிட் முழுவதையும் எடுத்துவிட்டு, தினமும் காலையில் சட்டை எடுக்கும்போது அதைப் பார்ப்பவனுக்கு என்ன தோன்றும்? நம்மிடம்தான் ஏதோ குறை, ஆண்டவர் கையை எடுத்துவிட்டார் என்றுதான் தோன்றும். அந்த வெட்கத்தில் யாரிடமும் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை.

எங்கள் சபை ஐயர், அதாவது போதகர், நல்லவர். விஷயம் காதில் விழுந்து கம்பெனிக்கே வந்து, கட்டிங் டேபிள் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டுப் போனார். அதை மறக்க மாட்டேன். ஆனால் வங்கி மேனேஜரை எப்படிப் பார்ப்பது என்று அவரிடம் கேட்க முடியாது. அப்புறம் ஒரு நண்பர் ஹோட்டலில் நடந்த வியாபாரிகள் ஜெப விருந்துக்குக் கூட்டிப் போனார். 1951இல் லாஸ் ஏஞ்சல்ஸில் டெமாஸ் ஷகாரியன் என்ற பால் பண்ணைக்காரர் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த வழக்கம் அது. சாப்பிடுவார்கள், சாட்சி சொல்வார்கள், ஜெபிப்பார்கள். அதனால் பலன் அடைந்தவர்கள் நிறையப் பேர், குறை சொல்லவில்லை. ஆனால் அன்று மைக் பிடித்தவர்கள் எல்லாருமே கரையேறியவர்கள். நான் நடுத்தண்ணியில் இருந்தேன், என்னைப் போன்றவனுக்கு அங்கே பேச இடமில்லை. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அங்கேதான் பக்கத்து நாற்காலிக்காரர் இந்தக் குழுவைப் பற்றிச் சொன்னார். 2025 அக்டோபர் 11, இரண்டாம் சனிக்கிழமை, முதல் தடவை போனேன். தீபாவளிக்கு ஒன்பது நாள்.

பீளமேட்டில் ஒரு ஆபீஸ் மாடி. மேடை கிடையாது, மைக் கிடையாது, வட்டமாகப் பத்து நாற்காலி. பவுண்டரி வைத்திருப்பவர், பேக்கரி நடத்துபவர், பல் மருத்துவர், பிரிண்டிங் பிரஸ்காரர் என்று ஒன்பது பேர். சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே எல்லாம் கலந்து. அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய சி12 என்ற கிறிஸ்தவத் தொழிலதிபர் அமைப்பு மாதிரியான குழுக்கள் மாதம் ஒருமுறை உட்கார்வதைப் போலத்தான் இதுவும், ஆனால் அங்கே முழு நாள், இங்கே காலை ஒன்பதரை முதல் ஒன்றரை வரை.

உள்ளே போனதும் கையில் ஒரு தாள் கொடுக்கிறார்கள். நாலே நாலு வரி. கையில் உள்ள பணம், வர வேண்டியது, கொடுக்க வேண்டியது, நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய். அந்த நாலாவது வரியில் மூன்று என்று எழுதும்போது என் கை நடுங்கியதை மறைக்க முடியவில்லை.

ஒருவருடைய பிரச்சினைக்கு நாற்பது நிமிடம். அதில் முதல் இருபது நிமிடம் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். ஆலோசனையும் கூடாது, வசனமும் கூடாது. இந்த ஒரு விதிக்காகவே நான் அவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். நம் ஆட்களுக்குக் கஷ்டத்தைச் சொன்னால் வாய் திறக்கும் முன்பே வசனம் வந்துவிடும், அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் சொல்ல வந்தவன் பாதியிலேயே நின்றுவிடுகிறான். இங்கே நான் முடிக்கும் வரை விட்டார்கள். பவுண்டரிக்காரர், எழுபதை நெருங்கியவர், ஒரே கேள்விதான் கேட்டார்.

"தம்பி, இன்னைக்குச் சம்பள நாள். கூலி கையில இருக்குதுங்களா?"

பாதிதான் இருந்தது. மீதியை அடுத்த வாரம் தருவதாகச் சொல்லலாம் என்றிருக்கிறேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருபது நிமிடம் முடிந்த பிறகு வேதாகமத்தைத் திறந்து லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைக் காட்டினார், கூலிக்காரனின் கூலி விடியும் வரை உன்னிடம் தங்கக் கூடாது என்று இருக்கிற இடம். "கூலியை முதல்ல வைங்க. அப்புறம் பாங்கு. கட்டட நிதி கடைசி, கமிட்டியில நேரா சொல்லிப்போடுங்க" என்றார். ஒரு கமிட்டி மெம்பருக்கு அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! ஆனால் அந்த வரிசையைக் கேட்டதும் நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியது. அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி, மனைவியின் வளையலை வைத்துக் கூலி கொடுத்தோம்.

பிரிண்டிங் பிரஸ்காரர் இதே வழியில் முன்பே போனவர். தவணை 31 நாள் முதல் 60 நாள் வரை நின்றால் வங்கிக் கணக்கில் அதற்கு எஸ்.எம்.ஏ.-1 (வாராக்கடனுக்கு முந்தைய எச்சரிக்கை நிலை) என்று பெயர், 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன், அதுவரை ஒளிந்துகொண்டிருக்காதீர்கள் என்றார். சிறு குறு தொழில்களின் மறுசீரமைப்புக்கு ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் கொண்டுவந்த வழிமுறை ஒன்று இருக்கிறது, 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ளவர்கள் தாமாகவே எழுதிக் கொடுத்து, வங்கியின் கமிட்டி பார்க்கும்படி கேட்கலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். இருபது வருடமாகத் தொழிலில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. பார்ட்டி பில்லுக்கும் வழி சொன்னார்கள். உத்யம் என்கிற அரசின் சிறு தொழில் பதிவு உள்ளவர்களுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். 2024 ஏப்ரலில் வந்த வருமான வரி விதிப்படி, அந்தக் கெடு தாண்டினால், பணத்தைக் கொடுக்கும் வருடத்தில்தான் அவர்கள் அதைச் செலவாகக் காட்ட முடியும். புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடும் என்ற பயத்தையும் அவர்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, அதைப் பற்றியே பத்து நிமிடம் பேசினோம். சண்டை வேண்டாம், உத்யம் எண்ணைப் போட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள் என்று முடிவானது. எழுதினேன். மூன்று வாரத்தில் பாதிப் பணம் வந்தது, மீதி ஜனவரியில்.

ஜெபம் கடைசியில்தான், ஆனால் அப்படி ஒரு ஜெபத்தை நான் கேட்டதில்லை. "ஆண்டவரே, திங்கட்கிழமை மேனேஜரிடம் உண்மையைச் சொல்ல இவருக்கு வாயைக் கொடும்" என்று ஒருவர் ஜெபித்தார். திங்கட்கிழமை மதியம் என்ன ஆச்சு என்று அவரே போன் செய்தும் கேட்டார்.

பல் மருத்துவர் தனியாகக் கூப்பிட்டு, இந்த மூன்று மணி நேரத் தூக்கத்துக்கு ஜெபத்தோடு டாக்டரும் வேண்டும், தயங்கினால் முதலில் 14416க்குப் போன் போட்டுப் பேசுங்கள், அரசின் டெலி மானஸ், காசு கிடையாது என்றார். போன் செய்தேன், அப்புறம் டாக்டரையும் பார்த்தேன். அதை விசுவாசக் குறைவு என்று அந்த அறையில் ஒருவரும் நினைக்கவில்லை.

குறைகளும் உண்டு. வருடச் சந்தா 15,000 ரூபாயை மொத்தமாக முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள், நெருக்கடியில் வருபவனுக்கு அது கனம், தவணையாக வாங்கலாம். பெண்கள் ஒரே ஒருவர்தான், இந்தப் பக்கம் கம்பெனியை நிர்வகிக்கும் பெண்கள் எத்தனை பேர்! டிசம்பரில் புதிதாக வந்த ஒருவர் டீ நேரத்தில் இன்சூரன்ஸ் பாலிசி பேச ஆரம்பித்தார், நடத்துபவர் உடனே தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. நஷ்ட வருடத்தில் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) எதிலிருந்து என்ற கேள்விக்கு இரண்டு கூட்டம் பேசியும் ஒரு முடிவுக்கு வரவில்லை, அவரவர் மனச்சாட்சி என்று விட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் தெளிவு வேண்டியிருக்கிறது. இன்னொன்று, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கக் கூடாது என்று விதி. முதலில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, இப்போது சரி என்று படுகிறது. கடன் கொடுத்திருந்தால் நான் அந்த நாலு வரியில் உண்மையை எழுதியிருக்க மாட்டேன்.

கடன் கிடைக்கும், ஆர்டர் கிடைக்கும் என்று போகாதீர்கள். கணக்கைத் திறந்து காட்டத் தயார் என்றால் போங்கள். உங்கள் ஊரில் இப்படி ஒன்று இல்லையென்றால், உங்கள் தொழிலில் போட்டியாக இல்லாத நாலு விசுவாசிகளைக் கூப்பிட்டு, அந்த நாலு வரித் தாளோடு ஆரம்பியுங்கள், மாடி ஆபீஸ் எல்லாம் தேவையில்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு சிரமம், கூட்டம் சனிக்கிழமை, நமக்கு அது சம்பள நாள். மாற்றச் சொல்லி இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், கோவைக்காரர்களுக்கு ஒத்துவரவில்லை. அதனால் இரண்டாம் சனிக்கிழமை வரும் வாரத்தில் மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே எல்லாருக்கும் கூலியைக் கொடுத்துவிடுகிறேன்.