கிரீன் கார்டு லாட்டரி ஜெயிச்சு அமெரிக்காவுக்குள்ளயே ஐ-485 போட்டோம்: நாங்க வச்ச லாயர் ஆபீஸ் எப்படி?

முதல்ல முடிவைச் சொல்லிடறேன். கிரீன் கார்டு லாட்டரியில (டைவர்சிட்டி விசா, சுருக்கமா டி.வி.) பேர் வந்து, ஊருக்குப் போகாம அமெரிக்காவுல இருந்துக்கிட்டே அட்ஜஸ்ட்மென்ட் (கிரீன் கார்டுக்கு மாறற ஐ-485 விண்ணப்பம்) போடறவங்களுக்கு லாயர் வேணுமா? வெறும் ஃபார்ம் நிரப்பறதுக்குன்னா வேணாம், பொறுமையா உக்காந்தா நீங்களே பண்ணிடலாம். ஆனா செப்டம்பர் 30ங்கற கடைசித் தேதியைக் கண்ணுல வச்சுக்கிட்டு ஃபைல் பின்னாடியே ஓட ஒரு ஆள் கிடைச்சா, அதுக்குத் தாராளமா காசு கொடுக்கலாம். நாங்க போன ஆபீஸ் ஃபைல் பண்ற வரைக்கும் பிரமாதம், ஃபைல் பண்ணதுக்கு அப்புறம் ரொம்ப சுமார். பேர் இங்க போடல, எந்த ஆபீஸுக்குப் போறவங்களுக்கும் இது உதவணும்னுதான் எழுதறேன்.

எங்க கேஸ் என்னன்னா, என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துல பிறந்தவர், நான் திருச்சி. இந்தியாவுல பிறந்தவங்க இந்த லாட்டரிக்கு போட முடியாது, கடைசி அஞ்சு வருஷத்துல 50,000 பேருக்கு மேல வந்த நாடுகளை ஒதுக்கிடுவாங்க. ஆனா கணவனோ மனைவியோ தகுதி இருக்கற நாட்டுல பிறந்திருந்தா அந்த நாட்டுக் கணக்குல நீங்க போடலாம், இது நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு தெரியவே தெரியாது. இன்னொண்ணு, ஈழத்துல இருந்து வந்த அப்பா அம்மாவுக்கு தமிழ்நாட்டுல பிறந்த பிள்ளைங்க இருக்காங்கல்ல, அவங்க பிறந்தப்ப அப்பா அம்மா ரெண்டு பேருமே இந்தியாவுல பிறந்தவங்களாவோ சட்டப்படி குடியிருந்தவங்களாவோ இல்லேன்னா பெத்தவங்க நாட்டுக் கணக்குல போட வழி இருக்கு, அதை மட்டும் கண்டிப்பா ஒரு லாயர்கிட்ட காட்டிட்டு போடுங்க.

நான் எச்1பி வேலை விசால இருந்தேன், அவர் பிஎச்டி, எஃப்-1 மாணவர் விசா. என் கம்பெனி வழியா கிரீன் கார்டு போட்டா ஈபி-2ங்கற வேலைவழிப் பிரிவுல இந்தியா லைன் 2024லயும் 2012ல போட்டவங்ககிட்டயே நின்னுச்சு, அதனால இந்த லாட்டரி எங்களுக்கு எவ்வளவு பெரிசுன்னு சொல்லத் தேவையில்ல. 2022 அக்டோபர்ல அவர் போட்டார், 2023 மே மாசம் ரிசல்ட். கவர்மென்ட் சைட்ல கன்ஃபர்மேஷன் நம்பர் போட்டு நாமளேதான் பாக்கணும், ஜெயிச்சீங்கன்னு மெயில் வந்தா அது ஃபிராடுதான். போடும்போதே என் பேரும் போட்டோவும் சேர்த்திருந்தார், கல்யாணம் ஆனவங்க அதை விட்டா கேஸே காலி.

பேர் வந்தாலே கார்டு வந்த மாதிரின்னு நினைச்சுடாதீங்க. ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்களை செலக்ட் பண்ணுவாங்க, சட்டத்துல இருக்கற விசாவே 55,000தான், அதுலயும் கழிவு போகும். அக்டோபர் 1ல ஆரம்பிச்சு அடுத்த செப்டம்பர் 30க்குள்ள கேஸ் அப்ரூவ் ஆகணும், ஆகலேன்னா அவ்ளோதான், அடுத்த வருஷத்துக்கு எடுத்துட்டுப் போக முடியாது, கட்டின பணமும் திரும்பாது. ஈபி கேஸ் மாதிரி பெண்டிங்ல கிடக்கட்டும்னு இதை விட முடியாது.

ஆபீஸுக்கு வர்றேன். மூணு நாலு இடத்துல பேசினோம், டி.வி. கேஸ் எத்தனை பண்ணிருக்கீங்கன்னு கேட்டா பாதிப் பேர் நேரா பதில் சொல்லல. இந்த லாயரம்மா முதல் மீட்டிங்லயே எங்க ரெண்டு பேரோட ஸ்டேட்டஸ் கதையைத்தான் முதல்ல கேட்டாங்க, எப்ப வந்தீங்க, எப்ப மாத்தினீங்க, எங்கயாவது கேப் விழுந்துச்சா, கேம்பஸ்ல வேலை பாத்தது எல்லாத்துக்கும் அனுமதி இருந்துச்சான்னு. ஏன்னு கேட்டேன். கம்பெனி வழியா போடறவங்களுக்கு 180 நாள் வரைக்கும் சின்ன தப்பை மன்னிக்கற ஒரு விதி இருக்கு, 245(கே)னு சொல்வாங்க, லாட்டரிக்காரங்களுக்கு அது கிடையாது, ஸ்டேட்டஸ்ல ஓட்டை இருந்தா இங்க போடாம கொழும்பு எம்பஸி வழியா போறதுதான் பாதுகாப்புன்னு சொன்னாங்க. மத்த இடத்துல யாரும் இதைப் பேசவே இல்ல. அங்கயே கையெழுத்து போட்டோம். ரெண்டு பேருக்கும் சேர்த்து 3,500 டாலர், கவர்மென்ட் ஃபீஸ் தனி.

அவங்க கொடுத்த இன்னொரு நல்ல அட்வைஸ், ஐ-485 போட்டா கூடவே வர்ற வொர்க் பெர்மிட்டை வாங்கி வச்சுக்கோங்க, ஆனா அதை வச்சு வேலைக்குப் போகாதீங்க. நான் எச்1பி-லயே இருக்கணும், அவர் எஃப்-1 விதிக்குள்ள என்ன வேலையோ அதை மட்டும் பாக்கணும். ஒருவேளை செப்டம்பர் 30ல கேஸ் செத்துப்போச்சுன்னா கால் வைக்க ஒரு இடம் வேணும்ல. அவர் அட்வான்ஸ் பரோல் (வெளிய போயிட்டு திரும்பி வர்றதுக்கான அனுமதி) கைக்கு வராம நாட்டை விட்டு வெளிய போகவே கூடாது, போனா ஐ-485 கைவிட்டதா ஆயிடும், எச்1பி விசா செல்லுபடியா இருக்கற எனக்கு அந்தச் சிக்கல் இல்ல. இதெல்லாம் எழுதி மெயில்லயே அனுப்பினாங்க, வாயால சொல்லிட்டு விடல.

அப்புறம் காசு விஷயம். லாட்டரிக்குன்னு தனியா ஆளுக்கு 330 டாலர் ஃபீஸ் இருக்கு, நாங்க போட்டப்ப அதை செயின்ட் லூயிஸுக்கு கேஷியர்ஸ் செக்கா அனுப்ப வேண்டியிருந்துச்சு, நம்ம பர்சனல் செக் எடுக்கல, திரும்ப ரசீது வர்றதுக்கு நம்ம அட்ரஸ் எழுதி ஸ்டாம்ப் ஒட்டின கவர் உள்ள வச்சோம். இந்த ரசீது ஐ-485 கூட போகணும், அதனால முன்னாடியே அனுப்பிடுங்க. எங்க லாட்டரி வரிசை நம்பருக்கு ஏப்ரல்லதான் முறை வந்துச்சு. ஆனா எந்த நம்பருக்கு எப்ப முறைன்னு கவர்மென்ட் மாசாமாசம் போடற விசா புல்லட்டின்ல பி-ன்னு ஒரு பகுதி இந்த மாசத்துக்கு, சி-ன்னு ஒரு பகுதி அடுத்த மாசத்துக்கு, அந்த சி-ல நம்பர் வந்துட்டாலே ஃபைல் பண்ணிடலாம், அப்ரூவல்தான் மாசம் பிறந்தப்புறம். 2024 ஏப்ரல் 1ல ஃபீஸ் ஏறப்போகுதுன்னு ஜனவரியிலயே அறிவிச்சுட்டாங்க. லாயரம்மா மார்ச் புல்லட்டின் வந்த உடனே போன் பண்ணி, ஏப்ரல் நம்பர்ல நீங்க இருக்கீங்க, மார்ச்லயே அனுப்பிடணும்னு எங்களை விரட்டி எடுத்துட்டாங்க. பழைய ஃபீஸ் பயோமெட்ரிக்கோட சேர்த்து ஆளுக்கு 1,225, வொர்க் பெர்மிட்டும் அட்வான்ஸ் பரோலும் அதுலயே அடக்கம். புது ஃபீஸ் ஐ-485க்கு 1,440, வொர்க் பெர்மிட்டுக்கு 260, பரோலுக்கு 630. கூட்டிப் பாத்தா ஆளுக்கு 1,105 டாலர் மிச்சம், ரெண்டு பேருக்கு 2,210. அவங்களுக்குக் கொடுத்த காசுல பாதிக்கு மேல அங்கயே வந்துடுச்சு.

பேப்பர் செக் பண்றதுல அந்த ஆபீஸ் பாராலீகல் (லாயரோட உதவியாளர்) பொண்ணு தங்கம். மெடிக்கல் எக்ஸாம் எந்த டாக்டர்கிட்ட வேணாலும் பண்ண முடியாது, கவர்மென்ட் அங்கீகரிச்ச சிவில் சர்ஜன் லிஸ்ட்ல இருக்கறவங்ககிட்டதான். டிபிக்கு ரத்தப் பரிசோதனை, வயசைப் பொறுத்து சிஃபிலிஸ், கொனோரியா டெஸ்ட், அப்புறம் தடுப்பூசி எல்லாம். நம்ம ஊர்ல சின்ன வயசுல பிசிஜி போட்டிருப்போம், தோல்ல குத்திப் பாக்கற பழைய டெஸ்ட்ல அது பாசிட்டிவ் காட்டிடும்னு பலருக்கு பயம், இப்ப எடுக்கற ஐஜிஆர்ஏ ரத்த டெஸ்ட்ல பிசிஜி குழப்பாது, கவலைப்படாதீங்க. ரிப்போர்ட்டை கவர்ல போட்டு சீல் வச்சுத் தருவாங்க, நாம பிரிக்கக் கூடாது, பிரிச்சா செல்லாது. பாராலீகல் பொண்ணு சொன்னது, சீல் கவரோட நமக்கு ஒரு காப்பி கேட்டு வாங்குங்கன்னு. அந்தக் காப்பியை அனுப்பினதும் ஒரு மணி நேரத்துல போன் வருது, அவரோட ஃபார்ம்ல சிஃபிலிஸ் ரிசல்ட் பாக்ஸ் டிக் பண்ணாம காலியா இருக்கு, கவரைத் திருப்பிக் கொடுத்து சரி பண்ணி புது சீல் போட்டு வாங்கிட்டு வாங்கன்னு. அந்த கிளினிக் முதல்ல அதெல்லாம் பரவால்லன்னு சொல்லிப் பாத்தாங்க, நாங்க விடல. ஒரு பாக்ஸுக்காக நோட்டீஸ் வந்து ரெண்டு மாசம் போயிருந்தா இந்த கேஸ்ல அதைத் திரும்ப எங்க போய் வாங்கறது?

பேர் விஷயத்துலயும் கண்ணா இருந்தாங்க. என் பாஸ்போர்ட்ல சர்நேம் இடமே காலி, அவருக்கு அப்பா பேர்தான் சர்நேம். இப்படி இருக்கற நம்ம ஆளுங்க நிறைய. ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு), டிகிரி, கல்யாண சர்டிபிகேட் ஒவ்வொண்ணுலயும் எப்படி இருக்கோ அத்தனையும் வேற பேர்கள்ங்கற கட்டத்துல வரிசையா எழுதினாங்க. அவரோட பிறப்புச் சான்றிதழ் மாமி பிரதேச செயலகத்துல போய் எடுத்து அனுப்பினாங்க, அதை முழுசா இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து, பண்ணவங்க கையெழுத்தோட உறுதிமொழியும் வைக்கணும். படிப்புக்கு டிகிரி மட்டும் போதும்னு நாங்க இருந்தோம், அவங்க ஏ.எல். (இலங்கையில நம்ம ப்ளஸ் டூ மாதிரி) சர்டிபிகேட்டையும் கேட்டாங்க, ஏன்னா படிப்பை வச்சு இந்த லாட்டரிக்குத் தகுதி காட்டறவங்க 12 வருஷ பள்ளிப் படிப்பு காட்டணும், ஓ.எல். பதினோராம் வகுப்போட முடிஞ்சுடும். இன்டர்வியூல ஆபீசர் கையில எடுத்துப் பாத்தது அந்த ஏ.எல். சர்டிபிகேட்டைத்தான்.

இதுவரைக்கும் அஞ்சுக்கு அஞ்சு. இதுக்கப்புறம்தான் எனக்கு வருத்தம்.

ரசீது வந்துச்சு, கைரேகை முடிஞ்சுச்சு, வொர்க் பெர்மிட்டும் வந்துச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. லாட்டரி ஃபைல் கென்டக்கியில இருக்கற கேசிசிங்கற லாட்டரி ஆபீஸ்ல இருக்கும், நம்ம ஐ-485 யுஎஸ்சிஐஎஸ்ங்கற குடியேற்றத் துறைகிட்ட இருக்கும், இவங்க கேட்டாதான் அவங்க அனுப்புவாங்க, ரெண்டும் சேர்ந்தாதான் ஆபீசர் முடிவு எடுப்பார், அப்ரூவ் பண்றதுக்கு முன்னாடி விசா நம்பரும் வாங்கணும். இந்த இடத்துல கேஸ் நின்னா யாராவது தட்டணும். ஜூன் பூரா நான் மெயில் போட்டா வெயிட் பண்ணுங்கன்னு ஒரே பதில். லாயரம்மா லைன்லயே வரல. பாராலீகல் பொண்ணும் வேலையை விட்டுப் போயிட்டாங்க, புதுசா வந்தவர், நார்மல் ப்ராசஸிங் டைம் தாண்டினாதான் கேக்க முடியும்னு சொல்றார். டி.வி. கேஸ்ல நார்மல் ப்ராசஸிங் டைம் பாத்துக்கிட்டு இருந்தா செப்டம்பர் முடிஞ்சுடும், இதை அவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்துச்சு. ராத்திரி தூக்கம் வராது, என் வீட்டுக்காரர் தீசிஸ் எழுதற நேரம் வேற, வீட்ல பேச்சே இதுதான்.

கடைசியில நாங்களே எங்க தொகுதி அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் (நம்ம ஊர் எம்.பி. மாதிரி) ஆபீஸுக்கு எழுதினோம். ஓட்டுரிமை இல்லாதவங்களும் கேக்கலாம், அந்தத் தொகுதியில குடியிருந்தா போதும், பிரைவசி ரிலீஸ்னு ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போடணும், ஒரு பைசா செலவு கிடையாது. கவர் லெட்டர்ல செப்டம்பர் 30ங்கறதை முதல் வரியிலயே கொட்டை எழுத்துல எழுதினோம். அங்க இருந்த கேஸ் வொர்க்கர் எங்ககிட்ட கேசிசி கேஸ் நம்பர், ரசீது நம்பர் எல்லாம் வாங்கிக்கிட்டு விசாரிச்சார், ஒவ்வொரு பதிலையும் எங்களுக்கு அனுப்பினார். அந்த மனுஷனுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். ஆகஸ்ட்ல இன்டர்வியூ வந்துச்சு.

இன்டர்வியூக்கு லாயர் வரணும்னா தனியா 600 டாலர்னு அப்பதான் சொல்றாங்க, அக்ரிமென்ட்டைப் பாத்தா கடைசிப் பக்கத்துல இருக்கு. நாங்க வேணாம்னுட்டோம். ரெண்டு பேரையும் ஒண்ணா உள்ள கூப்பிட்டாங்க, ஒரிஜினல் எல்லாம் பாத்தாங்க, ஃபார்ம்ல இருக்கற ஆமா இல்ல கேள்விகளை திரும்பக் கேட்டாங்க, அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சது. கொஞ்ச நாள்ல அப்ரூவல், கார்டுல பிரிவுங்கற இடத்துல அவருக்கு டிவி6, எனக்கு டிவி7.

அஞ்சுக்கு மூணு கொடுப்பேன். ஃபைல் பண்ண ஆள் தேடறவங்களுக்கு, ஸ்டேட்டஸ் சிக்கல் இருக்கான்னு ஒரு தடவை உக்காந்து பேசணும்ங்கறவங்களுக்கு இந்த மாதிரி ஆபீஸ் நல்லது, அந்த முதல் மீட்டிங்குக்கு மட்டும் காசு கொடுத்துப் போனாலும் லாபம்தான். முழு கேஸையும் கொடுக்கறதா இருந்தா, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அக்ரிமென்ட்டைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க, ரசீது வந்தப்புறம் மாசாமாசம் யார் விசாரிப்பாங்க, கேசிசி ஃபைல் போச்சான்னு யார் கேப்பாங்க, ஜூலை வரைக்கும் இன்டர்வியூ வரலேன்னா என்ன பண்ணுவீங்க, இன்டர்வியூக்கு வர்றது இந்தக் காசுலயே அடக்கமா, இத்தனையையும் பேர் போட்டு எழுதித் தரச் சொல்லுங்க. எழுதித் தரமாட்டேன்னா வேற ஆபீஸ் பாருங்க, அக்டோபர்லயே பாருங்க.